எவ்வளவு காலமாக?



தாடிக்கொம்பு நிறுத்தத்தில், நடக்க இயலாத மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு திண்டுக்கல் பேருந்தில் ஏறும் தந்தையை நாம் பார்த்திருப்போம். எழுந்து இடம் கொடுத்திருப்போம். "பெற்றவளுக்கு எவ்வளவு வேதனை!" என்றும் சொல்லியிருப்போம். அந்தத் தந்தையிடம் என்ன கேட்டோம்?

நோயுற்ற மகனை ஒரு தந்தை இயேசுவிடம் கொண்டுவருகிறார் (மாற்கு 9:14-29). சுற்றி நின்றவர்கள் வாதாடிக்கொண்டிருக்க, இயேசுவோ, இது எவ்வளவு காலமாக இருக்கிறது என்று தந்தையிடம் கேட்கிறார். குணமளிக்கும் முன்பே அவருடைய நெடுநாள் சுமைக்குச் செவிகொடுக்கிறார். அதன்பின்தான் அவர் தம் நம்பிக்கையையும் நம்பிக்கைக் குறைவையும் சேர்த்தே கதறிச் சொல்கிறார்.

அமெரிக்காவின் டிக் ஹாய்ட்டுக்கு 1962-இல் பிறந்த மகன் ரிக், மூளை முடக்குவாதத்தால் பாதிக்கப்பட்டவர். விடுதியில் விட்டுவிடும்படி மருத்துவர்கள் கூறினர், பெற்றோர் மறுத்தனர். 1977-இல் ரிக்கின் விருப்பப்படி, அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டே 8 கிலோமீட்டர் ஓடினார் டிக். பின்னர் 42 கிலோமீட்டர் பாஸ்டன் மாரத்தானில் 32 முறை அப்படியே ஓடினர். 2014-இல் தந்தை அதிலிருந்து ஓய்வுபெற்றதும், குழுவைச் சேர்ந்த ஒரு பல் மருத்துவர் நாற்காலியைத் தள்ள முன்வந்தார். தந்தை 2021-இலும் மகன் 2023-இலும் இறைவனடி சேர்ந்தனர்.

"எனக்குப் பிறகு இவனை யார் தூக்குவார்?" நம் தந்தையர் வாய்விட்டுச் சொல்லாத அச்சம் இதுவே. மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கு 18 வயதுக்குப்பின் சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்க 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழிசெய்கிறது. தாங்கள் விரும்பும் ஒருவரை நியமிக்கும்படி மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். 40 விழுக்காட்டுக்குக் குறையாத ஊனமுள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி பெறும் உரிமையை 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தருகிறது.

சட்டம் பாதுகாவலரை நியமிக்கும். தோள்கொடுக்க மனிதர் வேண்டும். யார் செய்த பாவமோ என்று பேசுவதை விட்டொழிப்போம். இந்த வாரம் நம் அன்பியத்தில் உள்ள அத்தகைய தந்தை ஒருவரின் அருகில் அமர்வோம். அறிவுரை வேண்டாம். "எவ்வளவு காலமாகச் சுமக்கிறீர்கள்?" என்று கேட்போம். ஞாயிறு திருப்பலிக்கு அந்தப் பிள்ளையை அழைத்துவர, அவரோடு நாமும் ஒரு கை கொடுப்போம்.