வகுப்பறையில் குறுகிய சிறுமி... நாடாளுமன்றத்தில் நிமிர்ந்த லிண்டா பர்னி!

ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள், கற்கால மனிதர்களுக்கு மிக நெருக்கமானவர்கள் என்று வகுப்பில் பாடம் நடக்கிறது. அந்த இனத்தைச் சேர்ந்த 13 வயது லிண்டா, அவமானத்தில் கூனிக் குறுகிப் போகிறாள்.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் விட்டன் என்ற சிற்றூரில் 1957-ல் பிறந்தவர் லிண்டா பர்னி. அப்போது நாட்டின் மக்கள்தொகைக் கணக்கில் பூர்வகுடிகளுக்கு இடமில்லை. 1967-ல் நடந்த வாக்கெடுப்பில் 90 சதவிகிதத்துக்கும் அதிகமானோர் ஆதரவளித்த பிறகே அந்த விதி நீங்கியது.

வகுப்பறையில் பட்ட காயத்துக்கு வகுப்பறையிலேயே மருந்து தேடினார் லிண்டா. ஆசிரியரானார். பூர்வகுடி மாணவர்களின் கல்விக்காகப் பல ஆண்டுகள் உழைத்தார்.

2003-ல் மாநில சட்டமன்றத்துக்குத் தேர்வானார். அங்கே நுழைந்த முதல் பூர்வகுடி அவர்தான். பிறகு மாநில அமைச்சராகவும் இருந்தார். 2016-ல் நாடாளுமன்றப் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வான முதல் பூர்வகுடிப் பெண் என்ற பெருமையும் சேர்ந்தது. கங்காரு தோல் போர்வையைத் தோளில் போர்த்தி முதல் உரையாற்றினார்.

2022-ல் பூர்வகுடிகள் நல அமைச்சரானார். நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்ல, பூர்வகுடிகளுக்கென ஓர் அமைப்பை அரசியல் சாசனத்தில் சேர்க்கப் பாடுபட்டார். ஆனால், 2023 அக்டோபர் வாக்கெடுப்பில் சுமார் 60 சதவிகிதம் பேர் 'வேண்டாம்' என்றனர். 6 மாநிலங்களும் கைவிட்டன.

அந்தத் தோல்வி இரவில் லிண்டா தன் மக்களிடம், 'நீங்கள் யார் என்பதில் பெருமைப்படுங்கள்' என்ற பொருளில்தான் பேசினார். 2025 தேர்தலோடு அரசியலிலிருந்து ஓய்வும் பெற்றார்.

அன்று வகுப்பறையில் அந்தச் சிறுமிக்கு யாரும் நடத்தாத பாடம் அது!