ஆழத்தைத் தொடும் ரோபோக் கை

பிள்ளைகளே, மழை பொய்த்து மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் வற்றும்போது, பழைய மஸ்கெலியா நகரின் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் வெளியே தெரியும். உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1960களின் இறுதியில் அணைக்கட்டு எழுந்தபோது அந்த நகரம் நீருக்குள் போனது. தண்ணீர் நிறைந்திருக்கும்போதே அதைச் சுற்றிப் பார்க்க முடியுமா?

சுழியோடிகள் இறங்கலாம். ஆனால் ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் இன்னொரு வளிமண்டலத்தின் அமுக்கம் உடலில் ஏறும். ஆழம் கூடக்கூட ஆபத்தும் கூடும். அங்கே ரோபோவை அனுப்பலாம்.

அதை மேலிருந்து இயக்க ரேடியோ அலைகள் உதவாது; தண்ணீர் அவற்றை உறிஞ்சிவிடும். அதனால் பெரும்பாலான நீரடி ரோபோக்கள் நீண்ட கேபிளோடுதான் இறங்கும். அதன் வழியே கட்டளை கீழே போகும், படம் மேலே வரும்.

அந்தப் படத்தைச் சாதாரணத் திரையில் பார்த்தால், எதிரே இருக்கும் பாறை கிட்ட இருக்கிறதா, எட்ட இருக்கிறதா என்று சொல்வது கடினம். இங்கேதான் கண்களில் அணியும் மெய்நிகர் கண்ணாடி கைகொடுக்கிறது. ரோபோவின் இரண்டு கெமராக்கள் எடுக்கும் படங்களை அது இரண்டு கண்களுக்கும் தனித்தனியே காட்டும். மூளை இரண்டையும் சேர்த்துத் தூரத்தைக் கணக்கிடும். காட்சி சற்றுப் பிந்தி வந்தாலும் பார்ப்பவருக்குத் தலை சுற்றும். ஆகவே வேகம் முக்கியம்.

பார்த்தால் மட்டும் போதுமா? தொடவும் வேண்டாமா? அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒஸ்ஸாமா கதீப்பின் குழு ‘ஓஷன்வன்’ என்ற ரோபோவை உருவாக்கியது. பிரான்ஸ் மன்னர் 14ஆம் லூயியின் ‘லா லூன்’ கப்பல் 1664இல் மூழ்கி, ஏறக்குறைய 100 மீற்றர் ஆழத்தில் கிடக்கிறது. 2016இல் ஓஷன்வன் அங்கே இறங்கியது. கதீப் மேலே வேறொரு கப்பலில் இருந்தபடி இரண்டு கைப்பிடிகளால் அதன் கைகளை இயக்கினார். ரோபோ ஒரு பொருளைப் பிடித்தால், அதன் கையில் உள்ள உணரிகள் விசையை அளக்கும். அதே விசை கைப்பிடி வழியே அவர் கையிலும் படும். எவ்வளவு இறுக்கிப் பிடிக்கலாம் என்று அவருக்குத் தெரிந்தது. நூற்றாண்டுகள் பழைய சாடி ஒன்று உடையாமல் மேலே வந்தது.

பழம்பொருள் தேடுவதோடு ரோபோவின் வேலை முடிவதில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான ‘பிளேனிஸ்’ நிறுவனத்தின் நீரடி ரோபோக்கள் அணைகள், பாலங்கள், துறைமுகங்களின் நீருக்குள் இருக்கும் பகுதிகளைப் பரிசோதிக்கின்றன. எந்த விரிசலை உடனே அடைக்க வேண்டும், எந்தப் பழம்பொருளைத் தொடாமல் விட வேண்டும் என்று தீர்மானிப்பது மனிதர்தான். அதற்கான கண்ணையும் கையையும் ரோபோ தருகிறது.

செய்து பாருங்கள்: ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கைகளை நீட்டி, இரண்டு பென்சில் முனைகளைப் பக்கவாட்டிலிருந்து ஒன்றோடொன்று தொடச் செய்யுங்கள். பிறகு இரண்டு கண்களையும் திறந்து அதையே செய்யுங்கள். ரோபோவுக்கு இரண்டு கெமராக்கள் ஏன் வேண்டும் என்பது உடனே விளங்கும்.