கலாத்தியாவின் இன்னொரு ஆமை

2025 ஜனவரியை நம் கரையோரத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சென்னை, செங்கல்பட்டு கடற்கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவை வலையில் சிக்கி மூச்சுமுட்டியதே முக்கியக் காரணம் என்றார்கள். டி.வி. கேமராக்கள் வந்தன, பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது.

கடலாமைக்குக் கிடைத்த அந்தக் கவனம் நியாயமானதுதான். நன்னீர் ஆமைக்குத்தான் நாதியில்லை. ஏரி, குளங்களில் கிடக்கும் பால் ஆமை ஐப்பசி, கார்த்திகை மழையில் ரோட்டுக்கு ஏறிவிட்டால், பாவம் பார்த்துச் சிலர் அதைக் கடலில் கொண்டுபோய் விடுவார்கள். ஆமை என்றாலே கடல்தான் என்ற நினைப்பு. உப்புத் தண்ணீர் அதற்கு எமன். பக்கத்து ஏரியில் விட்டாலே போதும். வனத்துறைக்குச் சொன்னால் இன்னும் நல்லது.

இந்த நினைப்பு எவ்வளவு தூரம் போகிறது என்பதற்கு வங்காள விரிகுடாவின் அந்தப் பக்கம் ஓர் உதாரணம் இருக்கிறது. சென்னைத் துறைமுகத்தில் அந்தமான் கப்பல் ஏறினால் மூன்று நாளில் போர்ட் பிளேர். இப்போது அது ஸ்ரீ விஜயபுரம். அங்கிருந்து இன்னொரு கப்பலில் தெற்கே போனால் கிரேட் நிக்கோபார். அதன் தென்கோடியில் இருக்கிறது கலாத்தியா விரிகுடா. அங்கே முட்டையிட வரும் தோணி ஆமை, உலகிலேயே பெரிய கடலாமை. கலாத்தியா என்றதும் எல்லோரும் அதைத்தான் பேசுகிறார்கள்.

அதே நிக்கோபார் தீவுகளின் ஓடைகளிலும் சதுப்புகளிலும் வாழ்கிறது தென்கிழக்காசியப் பெட்டி ஆமை. இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் என்று தீவு தீவாகப் பரவிய இனம். வளர்ந்தது ஒரு சாண் நீளம் இருக்கும். கரும்பழுப்பில் உயர்ந்து குவிந்த ஓடு. கருத்த தலையின் இருபுறமும் மூக்கிலிருந்து கழுத்து வரை மஞ்சள் கோடுகள். கையில் எடுத்துத் திருப்பினால்தான் விசேஷம் தெரியும். அடியோட்டின் குறுக்கே ஒரு கீல் இருக்கிறது. தலையையும் கால்களையும் உள்ளிழுத்து, முன்பாதியையும் பின்பாதியையும் மேலே தூக்கி டிபன் பாக்ஸ் மாதிரி மூடிக்கொள்ளும். குஞ்சுகளுக்கு இந்தக் கீல் வேலை செய்யாது. அவை பெரும்பாலும் தண்ணீரிலேயே ஒளிந்து வளர்கின்றன. முட்டையும் ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு, மிஞ்சினால் நாலைந்து.

நரி, நாய்க்கு இந்தக் கதவு சரி. மனிதனுக்கு அதுவே வசதி: மூடிக்கொண்டதை அப்படியே சாக்கில் போடலாம். இந்தோனேசியா ஆண்டுக்குச் சுமார் 18,000 ஆமைகளுக்கு ஏற்றுமதி அனுமதி கொடுத்தபோது, உண்மையில் போனது அதைப்போல் 10 முதல் 100 மடங்கு என்று வனவிலங்கு வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பு 2009இல் எழுதியது. சீனத்து மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் போனவை அவை.

நிக்கோபாரில் இப்போது வரும் ஆபத்து வேறு ரகம். 2021 ஜனவரியில் கலாத்தியா சரணாலயத்தின் அறிவிக்கை ரத்தானது. 2022 நவம்பரில் 72,000 கோடி ரூபாய்த் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது: சரக்கு மாற்றுத் துறைமுகம், விமான நிலையம், மின்நிலையம், நகரம். சுமார் 130 சதுர கி.மீ. காடு போகிறது. தோணி ஆமை வந்துபோக வழிவிடுவோம் என்கிறார்கள். காட்டுக்குள் ஓடையை நம்பிக் கிடக்கும் பெட்டி ஆமைக்கு என்ன வழி?

இந்தக் கேள்வியை எண்ணூர்க்காரர்கள்தான் முதலில் கேட்க வேண்டும். இங்கே 2001இல் துறைமுகம் வந்தது. கொசஸ்தலையாற்றின் கழியில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் சேறாய்ப் படிந்தது. கையால் தடவி இறால் பிடித்த இருளர்களுக்குச் சாம்பல்தான் தட்டுப்பட்டது. 2017 ஜனவரியில் கடலில் கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது நாடே பார்த்தது, வாளியால் அள்ளியதையும் பார்த்தது. சாம்பலோ வருடக்கணக்காக மெதுவாக வந்தது. அதைப் பார்க்க வந்தவர்கள் குறைவு. கழி போவதும் ஓடை போவதும் இப்படித்தான்.

வெட்டும் காட்டுக்கு ஈடாக மரம் நடப்போவது ஹரியானாவில். நிக்கோபார் ஓடை ஆமை அங்கே எந்தத் தண்ணீரில் இறங்கும் என்று அனுமதிக் கோப்பில் யாராவது எழுதியிருந்தால் படிக்க ஆவல்.