விருந்தாளி வந்தால் படிவம் யாருக்கு?

தை பிறக்கும் முன்பே மலேசியாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் உறவினர் வந்து இறங்கும் வீடுகள் பள்ளிபாளையத்தில் உண்டாகையால், வருகிறவர்கள் என்னென்ன செய்ய வேண்டும் என்று கேட்டு வாசகர்கள் எழுதிய கடிதங்கள் மேஜையில் குவிந்துவிட்டன. விசா வாங்கும் வித்தையை இக்காலத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடிதங்களில் அதிகமான குழப்பத்தைக் காட்டுகிற விஷயம் வேறு: வந்தவர் இன்ன வீட்டில் தங்கியிருக்கிறார் என்று சர்க்காருக்குத் தெரிவிக்க வேண்டியவர் யார்?

வருகிறவரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும் என்று சிலரும், அது லாட்ஜுக்காரர் பாடு, சொந்த வீட்டுக்குப் பொருந்தாது என்று சிலரும் எழுதியிருக்கிறார்கள். இரண்டும் பிசகு. இடம் கொடுத்தவரே, விருந்தாளி வந்த 24 மணி நேரத்துக்குள், இணையத்தின் வழியாகத் தெரிவிக்க வேண்டும். இத்தனை காலமாக ‘சி’ படிவம் என்று வழங்கியது, 2025 செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்த குடியேற்ற, வெளிநாட்டவர் சட்டத்தின் விதிகளில் மூன்றாம் படிவம் ஆகியிருக்கிறது. நான்கு பழைய சட்டங்களை ஒன்றாக்கி எளிமைப்படுத்தியதாக அதிகாரிகள் சொல்கிறார்கள். எளிமை அவர்களுக்கு என்று கொள்க. அந்த நான்கில் ஒன்றான 1946-ஆம் வருஷ வெளிநாட்டவர் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, பணம் பெற்றுக்கொண்டு தங்க இடம் கொடுப்பவரைப் பற்றித்தான் பேசிற்று. வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் அறிவிப்போ, ஹோட்டல், தர்மசாலை, ஆஸ்பத்திரி, கல்லூரி என்று அடுக்கிக்கொண்டே போய், தனி வீட்டையும் அதே பட்டியலில் சேர்த்துக்கொள்கிறது.

இந்த ஏற்பாட்டின் சாமர்த்தியம், கடமை ஒருவர் தலையிலும் கஷ்டம் இன்னொருவர் தலையிலுமாகப் பிரித்து வைக்கப்பட்டிருப்பதில் இருக்கிறது. படிவத்தை அனுப்பாத வீட்டுக்காரருக்கு அன்றைக்கு ஒன்றும் நேர்ந்துவிடாது. ஆனால் அவருடைய விருந்தாளி விசாவை நீட்டிக்கவோ, பாஸ்போர்ட் தொலைந்து வெளியேற அனுமதி கோரவோ விண்ணப்பிக்கும் வேளையில், தங்கிய இடத்துக்கு அத்தாட்சியாக அந்தப் படிவத்தையே கேட்பார்கள். தாம் எழுத வேண்டியிராத ஒரு தாளுக்காக அந்நியர் அவஸ்தைப்படுவார். சிறு ஊர் லாட்ஜுகள் பல, வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டைக் கண்ட மாத்திரத்தில் ‘ரூம் இல்லை’ என்று கையை விரிப்பதற்கும் இதுவே காரணம். அந்நியரைக் கவனத்தில் வைத்திருக்கப் பிறந்த விதி, அவரை வாசலிலேயே திருப்பி அனுப்புகிற விதியாக முடிந்திருக்கிறது.

நம் ஊருக்கென்று ஒரு விசேஷச் சங்கடமும் உண்டு. ஈரோடு ஜங்ஷனில் இறங்கி, அலுப்புத் தீர அங்கேயே ஓர் இரவு தங்கிவிட்டு, மறுநாள் பாலத்தைத் தாண்டி வருகிறவர் காவிரியை மட்டுமல்ல, ஜில்லா எல்லையையும் தாண்டுகிறார். ஹோட்டல்காரர் ஈரோட்டில் பதிந்தது பள்ளிபாளையத்து வீட்டுக்குச் செல்லாது. இங்கே நாமக்கல் ஜில்லாப் போலீஸ் சூப்பிரண்டே வெளிநாட்டவர் பதிவு அதிகாரி, வீட்டுக்காரர் புதிதாக ஒரு படிவம் அனுப்பியே ஆக வேண்டும். அனுப்புமுன் இணையதளத்தில் தம் பெயரில் கணக்குத் திறந்தாக வேண்டுமாகையால், விருந்தாளி விமானம் ஏறுவதற்கு முன்பே அதை முடித்து வைப்பது உத்தமம்.

இனி, கடிதங்களில் வந்த மற்றக் கேள்விகள். ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் பதிய வேண்டுமா? அட்டை பிரஜாவுரிமை அல்ல, பதிந்துவிடுங்கள்.

இ-விசாவுக்கு ஏஜெண்டு அவசியமா? இல்லை, சர்க்கார் தளத்தின் முகவரி ‘கவ்.இன்’ என்று முடியும், மற்றவை தரகு வாங்கும் கடைகள்.

இ-விசாவோடு கோயம்புத்தூரில் இறங்கலாமா? இறங்கலாம்.

வருகை அட்டை? 2025 அக்டோபர் 1 முதல் இணையத்தில், வந்து சேர்வதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள், கட்டணமின்றி.

ரொக்கம்? அந்நிய நோட்டு 5,000 டாலருக்கு மேற்பட்டால் சுங்கத்தில் சொல்ல வேண்டும்.

சாட்டிலைட் போன்? முன் அனுமதியில்லாமல் கொண்டுவந்தால் பறிமுதல் மட்டுமல்ல, கைதும் உண்டு.

காவிரியில் குளிக்கலாமா? சாயக்கழிவு கலக்கும் இந்தத் துறைகளில் வேண்டாம்.

ஆபத்தில் யாரை அழைப்பது? 112. சுற்றுலாத் துறையின் 1363 எண்ணில் 12 மொழிகளில் பதில் கிடைக்கும் என்கிறார்கள். அரபியும் கொரிய மொழியும் உள்ள அந்தப் பட்டியலில் தமிழ் இல்லை.