குறி தப்பிய குண்டு எங்கே போகும்? நார்த்தாமலை சம்பவம் சொல்லும் பாடம்

சிவகங்கை:-

துப்பாக்கி சுடும் தளத்தில் நடக்கும் தவறு, தளத்தின் வேலியோடு நிற்காது. ஊருக்குள் இருக்கும் வீடு வரை வந்து விடும். பக்கத்து மாவட்டத்தில் நடந்த சோகமே இதற்கு சாட்சி.

காரைக்குடியில் இருந்து திருச்சிக்கு பஸ்சில் போகிறவர்களுக்கு, புதுக்கோட்டை தாண்டி வரும் நார்த்தாமலை தெரியும். 2021 டிசம்பர் 30-ந்தேதி காலை, அதன் அருகே பசுமலைப்பட்டி தளத்தில் மத்திய தொழில் பாதுகாப்பு படையினர் பயிற்சி எடுத்தனர். அங்கிருந்து பறந்து வந்த குண்டு, நார்த்தாமலையில் தாத்தா வீட்டில் இருந்த 11 வயது சிறுவன் தலையில் பாய்ந்தது. தஞ்சை ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தும் பலன் இல்லை. 2022 ஜனவரி 3-ந்தேதி சிறுவன் இறந்தான்.

உறவினர்கள் மறியலில் குதித்தனர். தளம் மூடப்பட்டது. அரசு ரூ.10 லட்சம் நிவாரணம் அறிவித்தது. போன உயிர் போனதுதான்!

ஒன்றரை மைல் பாயும்

"அவ்வளவு தூரமா வரும்?" என்று கேட்கலாம். போட்டிகளில் சுடும் பாயிண்ட் 22 ரக சின்ன தோட்டாவே ஒன்றரை மைல் வரை போகும் என்று அதன் பெட்டியிலேயே எச்சரிக்கை போட்டிருக்கும். படையினரின் ரைபிள் குண்டு இன்னும் தூரம் பாயும்.

அதனால்தான் இலக்குக்கு பின்னால் உயரமான மண்மேடு வேண்டும். மண் குண்டை விழுங்கி விடும். ஆனால் குழாய் கொஞ்சம் மேலே தூக்கினால் குண்டு மேட்டை தாண்டி விடும். பாறையில் பட்டால் தெறித்து திசை மாறும்.

அடிபடாவிட்டாலும் 'அவுட்'

ஓடிக்கொண்டே, இடம் மாறி மாறி சுடும் போட்டி ஒன்று வெளிநாடுகளில் பிரபலம். இதற்கான சர்வதேச சங்கம் 1976-ல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. இதில் சட்டம் ரொம்ப கறார்.

கை தவறி ஒரு குண்டு வெடித்தால் போட்டியில் இருந்தே நீக்கம். துப்பாக்கியை கீழே போட்டாலும், குழாய் முனை பாதுகாப்பான பக்கத்தை விட்டு திரும்பினாலும் அதே கதிதான். "யாருக்கும் அடிபடவில்லையே" என்ற பேச்சே எடுபடாது. சாம்பியன் ஆனாலும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இதில்தான் பாடம் இருக்கிறது. ரத்தம் சிந்திய பிறகு விசாரிப்பது ஒரு வழி. குண்டு வேலி தாண்டிய முதல் நாளே சுடுவதை நிறுத்தி, ஏன் என்று பார்ப்பது இன்னொரு வழி. உயிரை காப்பாற்றுவது இரண்டாவது வழிதான்.

நமக்கும் உண்டு

சிவகங்கை அருகே இலுப்பக்குடியில் இந்தோ-திபெத் எல்லை போலீஸ் பயிற்சி மையம் உள்ளது. பேங்க், நகைக்கடை வாசலில் துப்பாக்கியோடு காவலாளி நிற்கிறார். லைசென்சு துப்பாக்கி வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. எல்லோருக்கும் பொதுவான விதி நாலுதான்:

* எந்த துப்பாக்கியையும் குண்டு இருப்பதாகவே நினைக்க வேண்டும். 'காலி' என்று நம்பி எடுத்ததுதான் பல வீடுகளில் வெடித்திருக்கிறது.
* சுடக்கூடாத எதன் பக்கமும் குழாயை நீட்டக்கூடாது.
* குறி பார்க்கும் வரை விசையில் விரல் வைக்கக்கூடாது.
* இலக்குக்கு பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகே சுட வேண்டும்.

தளம் பக்கம் சிவப்பு கொடி பறந்தால் ஆடு, மாடு ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். வீட்டு கூரையிலோ, வயலிலோ குண்டு கிடந்தால் தொட வேண்டாம். உடனே போலீசுக்கும், தாசில்தார் ஆபீசுக்கும் சொல்லுங்கள். "யாருக்கும் ஒன்றும் ஆகலையே" என்று விட்டு விடாதீர்கள். அடுத்த குண்டு வருவதற்குள் தளத்தை நிறுத்த அந்த ஒரு புகார் போதும்.