காணி போனாலும் கைப்பழக்கம் போகவில்லை

விடியப்புறம் நான்கு மணிக்கே விழிப்பு வந்துவிடுகின்றது. இறைப்புக்கென்று எழும்பிப் பழகிய உடம்பு. எழும்பி உட்கார்ந்த பின்னர்தான் கிணறும் இல்லை, தோட்டமும் இல்லை என்பது நினைவுக்கு வருகின்றது. முகாமிலும் உறவினர் வளவில் போட்ட கொட்டிலிலும் வாழ்ந்த எமது கமக்காரர் பலர் இந்தக் காலைப்பொழுதை நன்கு அறிவர்.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபோது பலாலி, மயிலிட்டி, வயாவிளான், கட்டுவன், காங்கேசன்துறை ஆகிய வலிகாமம் வடக்கு ஊர்களின் மக்கள் வெளியேறினர். சில நாட்களில் திரும்பலாம் என்றே பலர் எண்ணினர். செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செய்து பிறருக்குக் கூலி கொடுத்தவர்கள், மல்லாகம், சுன்னாகம் பகுதிகளில் இருந்துகொண்டு பிறர் தோட்டத்துக்குக் கூலிக்குப் போக நேர்ந்தது. 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் மக்கள் திரளாகத் தென்மராட்சிக்குப் பெயர்ந்தனர். காணிகள் கட்டம் கட்டமாக விடுபட்டு வந்தபோதிலும், மயிலிட்டித் துறைமுகம் விடுபட 2017 யூலை வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இன்னும் விடுபடாத காணிகளும் உண்டு.

இத்தனை நீண்ட காத்திருப்பில் கைக்கு வேலை இல்லாவிட்டால் மனம் என்னவாகும்?

மரியந்தால் காட்டிய பாடம்

ஒஸ்திரியா நாட்டில் மரியந்தால் என்ற சிற்றூர் ஒரே ஒரு நெசவாலையை நம்பி வாழ்ந்தது. 1929–30 இல் ஆலை மூடப்பட்டது. மரி யகோதாவும் அவருடைய தோழர்களும் அங்கு சென்று ஆராய்ந்து, கண்டவற்றை 1933 இல் நூலாக வெளியிட்டனர். வேலை இல்லாதவருக்கு நேரம் மிகுதி, ஆகவே நூலகத்தில் கூட்டம் கூடியிருக்கும் என்று நாம் நினைப்போம். இரண்டு ஆண்டுகளில் அங்கே இரவல் போன நூல்களின் தொகை ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்தது. ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தனர், அடிக்கடி நின்றனர். பகல் முழுவதும் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. சமையல், பிள்ளைகள் என்று வேலை ஓயாத பெண்களோ விரைந்து நடந்தனர்.

வேலை போனால் பணத்தோடு நாளின் ஒழுங்கும் போய்விடுகின்றது. மனச்சோர்வு அந்த வெறுமையில்தான் குடியேறுகின்றது. குடியும் வீட்டுச் சண்டையும் அதன் பின்னே வருகின்றன. ஆகவே மனத்தைத் தேற்றுவதற்கு முதலில் நாளைச் சீர்ப்படுத்த வேண்டும்.

நாளுக்கு ஓர் ஒழுங்கு

நான்கு மணி விழிப்பை வீணாக்காதீர்கள். காலை வேளையை வேலை தேடுவதற்கென்று ஒதுக்குங்கள். மாலையில் குடிசையைச் சுற்றியுள்ள நிலத்தைக் கொத்துங்கள். இரண்டு பாத்தி போதும். கீரையை ஒரு மாதத்துக்குள் பிடுங்கலாம். வெண்டியும் பயற்றையும் இரண்டு மாதத்துக்குள் காய்க்கத் தொடங்கும். பாத்திரம் கழுவிய நீரை வாழைக்கு விடலாம். கறிச்செலவு சிறிது குறைவதோடு, கமக்காரன் என்ற நினைப்பும் உயிரோடு இருக்கும்.

தெரிந்ததை எழுதிப் பாருங்கள்

"எனக்குத் தோட்டத்தைத் தவிர ஒன்றும் தெரியாது" என்பவர் பலர். அந்தத் தோட்டத்துக்குள் எத்தனை தொழில் இருக்கின்றன! நாற்றுமேடை போடுதல், பாத்தி கட்டுதல், மருந்தடித்தல், நீரிறைக்கும் இயந்திரம் திருத்துதல், வேலி அடைத்தல், கிடுகு பின்னுதல், மாடு பார்த்தல். இவற்றைப் பிள்ளைகளின் கொப்பியில் எழுதி, ஒவ்வொன்றும் யாருக்குத் தேவைப்படும் என்று பக்கத்திலே குறியுங்கள். பெண்கள் தங்கள் பட்டியலைத் தனியே எழுதட்டும். குடும்பப் பாரம் முழுவதையும் தனியே சுமக்கும் தாய்மாருக்கு இது மிகவும் அவசியம்.

1990களின் பொருளாதாரத் தடையில் சவர்க்காரம் கிடைக்காதபோது பனங்களியால் உடுப்புத் தோய்த்தவர்கள் நாம். வழி கண்டுபிடிப்பது எமக்குப் புதிதன்று.

தனியே தேடாதீர்கள்

"அண்ணை, நாளைக்கு வேலை ஏதும் இருக்கோ?" என்று ஒருவரிடம் கேட்பதற்குக் கூசுகின்றது. காணிச் சொந்தக்காரராய் இருந்தவருக்கு அது இன்னும் கடினம். ஆனால் போரால் நிலம் இழந்ததில் உங்கள் குற்றம் எதுவுமில்லை. நான்கைந்து பேர் சேர்ந்து போனால் கூச்சமும் குறையும், கூலியைப் பேசித் தீர்ப்பதும் எளிது. ஒருவர் அறிந்த வேலையை மற்றவருக்குச் சொல்லுங்கள். கமநல சேவை நிலையத்திலும் விவசாயப் போதனாசிரியரிடமும் பயிற்சிகளை விசாரியுங்கள். காணியைக் குத்தகைக்கு எடுப்பதாயின் காலத்தையும் கிணற்று நீரின் பங்கையும் எழுத்தில் பெறுங்கள். முதற் பயிருக்கென்று நகை முழுவதையும் அடகு வைக்க வேண்டாம்.

"வேலை இல்லை" என்ற பதிலுடன் வீடு திரும்பும் நாட்களும் வரும். அன்று வீட்டிலுள்ளவர்களிடம் நடந்ததை ஒளிக்காமல் சொல்லுங்கள். சொல்லாத கவலை இரட்டிப்பாகும். பல நாட்களாக உறக்கமும் உணவும் இல்லாமல் வாழ்வே வேண்டாம் என்று தோன்றினால், உடனே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி மருத்துவரிடம் செல்லுங்கள்.

காணிக்கான கோரிக்கையைக் கைவிட வேண்டியதில்லை. மனுவில் கையெழுத்து வைத்த அதே கை, அன்று மாலை இரண்டு பாத்திக்கு நீரும் ஊற்றட்டும். ஒருநாள் காணி திரும்பி வரும்போது, மண்வெட்டி பிடிக்க மறக்காத கையும், பார்த்துப் பழகிய பிள்ளைகளும் அங்கே வேண்டும்.