நெஞ்செரிச்சல் மாத்திரையும் கொழுப்பு மாத்திரையும்

நம் வீடுகளில் மூத்தவர்களின் மருந்து டப்பாவைத் திறந்து பார்த்தால் இரண்டு மாத்திரைகள் பெரும்பாலும் தென்படும். ஒன்று காலையில் வெறும் வயிற்றில் விழுங்கும் 'கேஸ் மாத்திரை'. மற்றொன்று இரவு படுக்கப்போகுமுன் விழுங்கும் 'கொழுப்பு மாத்திரை'. முன்னது வயிற்றுக்கு, பின்னது இதயத்திற்கு. இரண்டும் ஒரே உடம்பில் சேரலாமா, ஒன்றோடொன்று மோதாதா என்ற ஐயம் பலருக்கும் உண்டு. ஐயம் எழுவது நல்லதே. ஆனால் அதை மருத்துவரிடம் கேட்டுத் தெளியாமல், "இரண்டும் சேரக்கூடாதாம்" என்று யாரோ சொன்னதை நம்பிக் கொழுப்பு மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுபவர்களை நான் கண்டிருக்கிறேன். ஒருமுறை மாரடைப்பு வந்து மீண்டவர் இப்படி நிறுத்துவது மீண்டும் அந்த ஆபத்தை அழைப்பதாகும். வேதியியல் மாணவன் என்ற முறையில் இம்மாத்திரைகளின் போக்கைத் தேடிப் படித்தேன். படித்தவற்றை ஆசிரியப் பெருமக்களோடும் மாணவ நண்பர்களோடும் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

கொழுப்பு மாத்திரையின் கதை பூஞ்சைக் காளானில் தொடங்குகிறது. ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ, பூஞ்சைகளிலிருந்து பென்சிலின் கிடைத்ததைப்போலக் கொலஸ்டிராலைக் குறைக்கும் பொருளும் கிடைக்கக்கூடும் என்று கருதினார். ஏறத்தாழ 6,000 நுண்ணுயிர்களைச் சோதித்து, 1973ஆம் ஆண்டு பெனிசிலியம் சிட்ரினம் என்னும் பூஞ்சையிலிருந்து முதல் ஸ்டாடினைக் கண்டார். அவ்வழியில் வந்த லோவாஸ்டாடின் 1987இல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது. இன்று நம் மருந்துக் கடைகளில் மிகுதியாகக் கிடைப்பவை அட்டார்வாஸ்டாடினும் ரோசுவாஸ்டாடினும் ஆகும். கல்லீரல் கொலஸ்டிராலைத் தயாரிக்கும்போது இன்றியமையாத ஒரு நொதியை இவை தடுக்கின்றன. தயாரிப்புக் குறைந்ததும், கல்லீரல் தன் தேவைக்கு இரத்தத்தில் உள்ள கொலஸ்டிராலை இழுத்துக்கொள்கிறது. இரத்தத்தில் அதன் அளவு இறங்குகிறது.

வயிற்று மாத்திரையின் வேலை வேறு. இரைப்பைச் சுவர் சுரக்கும் அமிலம், நாம் ஆய்வுக்கூடத்தில் பியூரெட்டில் ஊற்றும் அதே ஹைட்ரோகுளோரிக் அமிலந்தான். அது உணவுக்குழாய்க்குள் மேலேறி வரும்போது நெஞ்செரிச்சல் உண்டாகிறது. இதற்கு மூன்று வகை மருந்துகள் உண்டு. முதல் வகை, காரத்தால் அமிலத்தை நடுநிலையாக்கும் ரோஸ் நிறத் திரவங்களும் சப்பும் மாத்திரைகளும். இவை வயிற்றுக்குள் நடக்கும் ஒரு தரம்பார்த்தல் என்றே சொல்லலாம். இரண்டாம் வகை, அமிலம் சுரக்கும்படி வரும் ஹிஸ்டமின் கட்டளையை மறிப்பவை. 1976இல் இங்கிலாந்தில் வெளிவந்த சிமெட்டிடின் இவற்றில் மூத்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜேம்ஸ் பிளாக் 1988இல் நோபல் பரிசு பெற்றார். மூன்றாம் வகை, அமிலத்தை வெளியேற்றும் புரோட்டான் பம்பையே அடைத்துவிடும் ஒமிப்பிரசோல், பாண்டோப்பிரசோல், ரபிப்பிரசோல் போன்றவை. இன்று 'கேஸ் மாத்திரை' என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் இந்த மூன்றாம் வகையையே. உணவு உண்ணும்போதுதான் பம்புகள் விழித்தெழுகின்றன. ஆதலால் காலை உணவுக்கு அரைமணி நேரம் முன்பு இதை உண்ணச் சொல்கிறார்கள்.

ஆக, ஒன்று வேலை செய்யும் இடம் இரைப்பை, மற்றொன்று வேலை செய்யும் இடம் கல்லீரல். பிறகு மோதல் எங்கிருந்து வரும்? வேலை முடிந்த மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் பொறுப்பும் பெரும்பாலும் கல்லீரலுடையது. அதற்கென அங்கே பல நொதிகள் உள்ளன. இரயில் நிலையத்தில் முன்பதிவுக்கு ஒரு ஜன்னலும் சாதாரணச் சீட்டுக்கு ஒரு ஜன்னலும் இருப்பதுபோல, ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு ஜன்னல். சிம்வாஸ்டாடினும் அட்டார்வாஸ்டாடினும் சிப் 3ஏ4 என்னும் நொதியின் ஜன்னலில் நிற்கின்றன. ஒமிப்பிரசோல் வகையினவோ முக்கியமாகச் சிப் 2சி19 என்னும் மற்றொரு ஜன்னலுக்குச் செல்கின்றன. ரோசுவாஸ்டாடின் பெரும்பாலும் சிதையாமலேயே வெளியேறிவிடுகிறது. வரிசைகள் வேறாக இருப்பதால் தள்ளுமுள்ளுக்கு இடம் குறைவு. எனவே மருத்துவர்கள் இவ்விரண்டையும் ஒரே சீட்டில் எழுதுவது கவனக்குறைவு அன்று. அது நன்கறிந்து செய்யும் வழக்கமே.

அப்படியானால் அச்சம் முழுவதும் வீணா எனில், இல்லை. செரிவாஸ்டாடின் என்றொரு கொழுப்பு மாத்திரை இருந்தது. தசைநார்கள் சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைத்து, உலக அளவில் 52 பேர் இறந்ததாகச் செய்தி வந்ததும் 2001ஆம் ஆண்டு அது திரும்பப் பெறப்பட்டது. ஜெம்ஃபைப்ரோசில் என்னும் மற்றொரு கொழுப்பு மருந்தோடு சேர்த்து உண்டவர்களுக்கு ஆபத்து மிகுதியாக இருந்தது. அதாவது, ஸ்டாடினோடு தவறான துணை சேர்ந்தால் விபரீதம் நேரும் என்பது கண்கூடாகிவிட்டது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, 'வயிற்று மருந்து சேரலாமா' என்பதன்று. 'எந்த வயிற்று மருந்து' என்பதே.

இவற்றில் ஆபத்து மிக்கது, வயிற்றுப் புண்ணுக்குக் கொடுக்கும் கூட்டு மருந்து. வயிற்றுப் புண்ணுக்கு ஹெலிக்கோபேக்டர் என்னும் பாக்டீரியா பெருங்காரணம் என்று ஆஸ்திரேலியர்களான பேரி மார்ஷலும் ராபின் வாரனும் நிலைநாட்டினர். மார்ஷல் 1984இல் அக்கிருமியைத் தாமே குடித்துக் காட்டினார் என்பது விஞ்ஞான உலகில் இன்றும் வியந்து பேசப்படும் செய்தி. இருவரும் 2005இல் நோபல் பரிசு பெற்றனர். அக்கிருமியை ஒழிக்க இரண்டு வாரம்வரை கொடுக்கும் மருந்துகளில் புரோட்டான் பம்பு மாத்திரையோடு கிளாரித்ரோமைசின் என்னும் ஆன்டிபயாட்டிக்கும் பலமுறை இடம்பெறுகிறது. இது 3ஏ4 ஜன்னலையே இழுத்து மூடிவிடும். அப்போது சிம்வாஸ்டாடின் வெளியேற வழியின்றி இரத்தத்தில் தேங்கும். ஆதலால் சிம்வாஸ்டாடினோடு கிளாரித்ரோமைசின் அறவே கூடாது. அட்டார்வாஸ்டாடின் என்றால் நாளொன்றுக்கு 20 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது. என் பெரியப்பாவுக்கு இந்தக் கூட்டு மருந்து எழுதியபோது, அது முடியும்வரை கொழுப்பு மாத்திரையை நிறுத்திவைத்து, மறுநாளே தொடங்கும்படி மருத்துவர் சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார். மருத்துவர் சொல்லி, நாள் குறித்து நிறுத்துவது வேறு. வதந்தி கேட்டு நிறுத்துவது வேறு.

ரோஸ் நிறத் திரவத்தை மருந்தென்றே நம்மவர்கள் எண்ணுவதில்லை. விருந்துச் சாப்பாடு முடிந்ததும் மூடியில் ஊற்றிக் குடிக்கிறோம். ஆனால் அதிலுள்ள அலுமினியம், மெக்னீசியம் ஹைட்ராக்சைடுகள் ரோசுவாஸ்டாடினோடு ஒரே நேரத்தில் வயிற்றுக்குள் போனால், இரத்தத்தில் சேரும் ரோசுவாஸ்டாடினின் அளவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடுகிறது. விஷமில்லை, வீண். ரோசுவாஸ்டாடினை விழுங்கி 2 மணி நேரம் கழித்துத் திரவத்தைக் குடித்தால் இச்சிக்கல் இல்லை.

மாத்திரை அட்டையில் பாண்டோப்பிரசோலின் பெயரை அடுத்து 'டி' என்றோ 'டிஎஸ்ஆர்' என்றோ இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அது டாம்பெரிடோன் என்னும் வாந்தி மருந்து கலந்திருப்பதைக் குறிக்கும். இம்மருந்து சிலருக்கு இதயத்துடிப்பின் சீரைக் குலைக்கும் என்பதால் ஐரோப்பிய மருந்து அமைப்பு 2014இல் இதற்குக் கட்டுப்பாடு விதித்தது: ஒரு வேளைக்கு 10 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை, பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்று. நம் நாட்டிலோ இதை மாதக்கணக்கில் காலைக் காப்பிக்கு முன் உண்பவர்கள் உண்டு. ஸ்டாடின் உண்பவர்களில் இதய நோயாளிகளே பலர் என்பதால், 'டி' உள்ளது தேவையா, வெறும் பாண்டோப்பிரசோல் போதுமா என்று மருத்துவரைக் கேட்பது அவசியம்.

இதய நோயாளிகளின் டப்பாவில் மூன்றாவதாக குளோபிடோக்ரெல் என்னும் மாத்திரையும் இருக்கக்கூடும். இரத்தம் உறைந்து அடைக்காமல் காப்பது அது. 2சி19 ஜன்னலுக்குள் சென்றால்தான் அது செயல்படும் வடிவம் பெறும். ஒமிப்பிரசோல் அந்த ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. இதுபற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009இல் எச்சரித்தது. ஒமிப்பிரசோலும் எசோமிப்பிரசோலும் இவர்களுக்கு ஏற்றவை அல்ல. பாண்டோப்பிரசோலின் குறுக்கீடு குறைவு. கொழுப்பு மாத்திரையின் மேல் விழும் பழி உண்மையில் இந்த இணைக்கே உரியது என்பது என் கருத்து.

தசைவலியைப் பற்றி ஒரு சொல். ஸ்டாடின் உண்பவருக்குத் தொடை, தோள் வலித்தால் உடனே ஸ்டாடினைத்தான் குற்றம் சொல்கிறோம். ஆனால் புரோட்டான் பம்பு மாத்திரையை நெடுங்காலம் உண்டால் சிலருக்கு இரத்தத்தில் மெக்னீசியம் குறைந்து, அதனாலும் தசைப்பிடிப்பு வரும். எது காரணம் என்பதை இரத்தப் பரிசோதனை காட்டும். வலி கடுமையாகி, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் மட்டும் பரிசோதனைக்கு நாள் பார்க்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இன்னொன்று, மாத்திரைகளைப் பற்றியதன்று, அவற்றை உண்பவரைப் பற்றியது. கொழுப்பும் நெஞ்செரிச்சலும் ஒருங்கே உள்ளவருக்கு நெஞ்சில் வலி வந்தால், அது அமிலமா இதயமா என்று வீட்டிலிருப்பவர்களால் உறுதியாகச் சொல்ல முடியாது. மாரடைப்பும் சிலருக்கு எரிச்சலாகவே தோன்றுகிறது. வியர்த்துக் கொட்டினாலோ, மூச்சு வாங்கினாலோ, வலி கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, ரோஸ் நிறத் திரவத்தைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் 108ஐ அழைக்க வேண்டும். வண்டி வருவதற்குள் அந்த மாத்திரை டப்பாவையும் எடுத்து வைத்துக்கொண்டால், உள்ளே என்னென்ன மருந்துகள் இருக்கின்றன என்று மருத்துவருக்கு வாயால் விளக்க வேண்டியிராது.